ஒழுங்கைக்கு விட்ட நூறு எம்பி

ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு இராகு காலம் தொடங்குவதால் கூட்டத்தை நாலு இருபத்தைந்துக்கே தொடங்கிவிட்டோம். விளக்கேற்றினோம். மௌனமாக நின்றோம். வரவேற்புரை முடியுமுன் இராகு காலம் வந்துவிட்டது. தொடங்கியது நல்ல நேரத்தில் என்பதால் மிச்சத்தைப் பற்றி ஒருவரும் கவலைப்படவில்லை.

எங்கள் அமைப்பின் பெயர் வடபுலக் கட்டற்ற மென்பொருள் ஒன்றியம். வெளிநாட்டிலிருந்து பாடசாலைகளுக்கு வந்த பழைய கணினிகளில் போடுவதற்கு ஓர் இயங்குதளத்தையும் அதனுடன் வேண்டிய மென்பொருள்களையும் ஓர் இறுவட்டில் தொகுத்து இலவசமாகக் கொடுப்பது நோக்கம். இயங்குதளத்தின் பெயர் ஊற்று. அது முதற்பதிப்பு. ஆனால் ஒன்று என்ற எண் தலைவருக்கு ஆகாது என்று எண்சோதிடர் சொன்னதால் முதற்பதிப்புக்கு ஐந்தாம் பதிப்பு என்று பெயரிட்டோம்.

நான் தமிழ் ஆசிரியர். கணினியில் எனக்குத் தெரிந்தது அதை நிறுத்துவது மட்டும். அதையும் பிழையாகச் செய்கிறேன் என்று மயூரதன் சொல்வார். கணினி திரையில் ஆட்களுக்குக் காட்டும் செய்திகளை நல்ல தமிழில் எழுதித்தர ஓர் ஆள் வேண்டும் என்று என்னைச் சேர்த்தார்கள். செயற்குழுவில் ஆறு பேர். மயூரதன் அந்த ஆறில் இல்லை. அவர் நகரத்தில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறார். எங்களில் கணினி தெரிந்தவர் அவர் ஒருவர்தான். ஆகையால் அவருக்கு வாக்குரிமை இல்லை. தொழில்நுட்ப உதவி என்று கூட்டக் குறிப்பில் எழுதுவோம்.

மென்பொருளை முடிவுசெய்யுமுன் இறுவட்டுகள் வந்துவிட்டன. கனடாவில் உள்ள ஸ்காபரோ கிளையின் தலைவர் அடைக்கலநாதன் இரண்டாயிரம் வெற்று வட்டுகளின் முகத்தை அச்சிட்டுக் கப்பலில் அனுப்பியிருந்தார். வட்டின் முகத்தில் எங்கள் தலைவர் நமசிவாயத்தின் படம் இருந்தது. நடுத்துளை அவருடைய நெற்றியில் விழுந்திருந்தது. பொட்டுப் போல இருந்ததால் ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை.

மயூரதன் எழுந்து தன்னுடைய தெரிவை வாசித்தார். இணைய உலாவி, எழுதும் செயலி, தமிழ் விசைப்பலகை, படம் வரைவதற்கு ஒன்று, கணக்குப் பழக ஒன்று என்று பத்து. பதினோராவதாக, திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் தமிழ்க் குரல்.

"எல்லாம் சேர்த்து ரண்டு தசம் ஒன்பது ஜிபி வருது. டிஸ்க் நாலு தசம் ஏழு கொள்ளும்."

"அப்ப மிச்சம்?" என்றார் தலைவர்.

"ஒண்டு தசம் எட்டு."

"அது சும்மாவோ கிடக்கு?"

"ஓம் ஐயா."

மயூரதன் அன்று செய்த பிழை அது ஒன்றுதான். யாழ்ப்பாணத்தில் ஒரு மேசையைச் சுற்றி இருக்கும் ஆறு ஆண்களிடம் கொஞ்ச இடம் சும்மா கிடக்கிறது என்று சொல்லக் கூடாது.

முதலில் வாய் திறந்தவர் ஐசாக். மிஷன் பள்ளிக்கூடமொன்றில் உப அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். "ஒரு ஜிபி எத்தினை பரப்பு வரும்?" என்று காணி அளக்கும் கணக்கில் கேட்டார். மயூரதன் சிரித்தார். வேறு ஒருவரும் சிரிக்கவில்லை. தலைவர் சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்துவிட்டார். அவர் ஓய்வுபெற்ற நில அளவையாளர்.

"நூறு எம்பியை ஒரு பரப்பு எண்டு வைப்பம். பதினெட்டுப் பரப்பு. நல்ல காணி."

அழைப்பிதழின் பின்பக்கத்தில் வட்டம் போட்டார். நடுவில் துளையையும் போட்டு அதைக் கிணறு என்று குறித்தார். பிறகு பங்கு பிரிக்கத் தொடங்கினார். தலைவரின் வாழ்த்துரைக் காணொளிக்கு நாலு பரப்பு. வட்டைத் தந்த ஸ்காபரோ கிளைக்கு நாலு. அவர்கள் தங்கள் வருடாந்த இராப்போசன விருந்தைப் போடப்போகிறார்களாம். ஐசாக்கின் கீர்த்தனைகளுக்கு மூன்றரை. பொருளாளருக்கு ஒன்று, அவர் எதற்கு என்று சொல்லவில்லை, ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு அரைப் பரப்பு. நான் கேட்கவில்லை. கேட்காததால்தான் அரை.

பஞ்சாங்கத்தில் சிக்கல் வந்தது. செயற்குழுவில் வாக்கிய பஞ்சாங்கத்துக்கு ஒருவரும் திருக்கணிதத்துக்கு ஒருவரும் இருந்தார்கள். ஒரு கோயிலின் கொடியேற்றம் இரண்டு பஞ்சாங்கத்திலும் இரண்டு நாளில் வந்ததிலிருந்து இருவரும் பேசுவதில்லை. அதாவது எட்டு வருடமாக. தலைவர் இருவருக்கும் இரண்டிரண்டு பரப்புக் கொடுத்தார்.

"உவற்றை பஞ்சாங்கத்துக்குப் பக்கத்திலை என்ரை கிடக்காது" என்றார் வாக்கியக்காரர், கூரையைப் பார்த்து.

"பக்கத்திலை வைக்கச் சொல்லி இஞ்சை ஆரும் கெஞ்சேல்லை" என்றார் திருக்கணிதக்காரர், தேத்தண்ணிக் கோப்பையிடம்.

"சண்டை வேண்டாம். நடுவிலை ஒழுங்கை விடுவம்" என்றார் தலைவர். ஆட்கள் போய்வரச் சந்துபோல் ஒரு பரப்பு.

மயூரதன் இன்னும் நின்றுகொண்டிருந்தார். "ஐயா, டிஸ்க்கிலை அடுத்தடுத்து எண்டு ஒண்டும் இல்லை. ஃபைல் எங்கை கிடந்தாலும் அதுக்கு ஒண்டுதான். ஒழுங்கை தேவையில்லை."

"தம்பி, முப்பத்தேழு வருசம் நான் காணி அளந்தனான். ஒழுங்கை விடாத காணியிலை கொலை விழுந்ததை என்ரை கண்ணாலை கண்டனான்."

தலைவர் சொன்னது எனக்கு முழுவதும் விளங்கியது. அன்று பின்னேரம் எனக்கு விளங்கிய முதல் விடயம் அது. நான் தலையாட்டினேன்.

பிறகுதான் தலைவர் பதினோராவதைக் கண்டார்.

"இந்தக் குரல் ஆற்றை?"

"ஆற்றையும் இல்லை ஐயா. கண் தெரியாத ஆக்களுக்கு. திரையிலை இருக்கிறதை வாசிச்சுச் சொல்லும்."

"எங்களுக்கு எல்லாருக்கும் கண் தெரியுதுதானே" என்றார் ஐசாக். நாங்கள் ஆறு பேரும் கண்ணாடி போட்டிருந்தோம்.

"எவ்வளவு பிடிக்குது?" என்றார் தலைவர்.

"முக்கால் பரப்பு" என்றார் மயூரதன். அவரும் பரப்பில் பேசத் தொடங்கிவிட்டார்.

உரிமைக்காரர் இல்லாத காணி பொதுவுக்குச் சேரும் என்று தலைவர் தீர்ப்புச் சொன்னார். பொதுவுக்குப் பொறுப்பு தலைவர். முக்கால் பரப்பும் வாழ்த்துரையுடன் சேர்ந்தது. தேத்தண்ணியோடு கடிக்க மேசைக்கு றோல்ஸ் வந்தது.

அடுத்த கூட்டத்துக்குள் எல்லோரும் தங்கள் பங்கை நிரப்ப வேண்டியிருந்தது. வெறுங்காணிக்குள் மற்றவன் வேலிக் கதியால் நடுவான் என்ற பயம். என்னுடைய அரைப் பரப்புக்கு நான் அணிந்துரை எழுதினேன். நாலு பக்கம். மயூரதனிடம் கொடுத்தேன். அது பரப்பில் சிறு பங்கான ஒரு குழியின் மூலைக்கும் காணாது என்றார். எழுத்து இடம் பிடிக்காதாம். முப்பது வருடமாக எழுதுகிறேன், இது எனக்கு யாரும் சொன்னதில்லை.

"குரலிலை பதிஞ்சால் கொஞ்சம் பிடிக்கும் மாஸ்டர்."

வீட்டு அறையைப் பூட்டிக்கொண்டு அணிந்துரையை வாசித்துப் பதிந்தேன். இன்னும் இடம் இருந்தது. மெதுவாக வாசித்தேன். அப்படியும் இருந்தது. பந்திகளுக்கு நடுவில் இருமலை விட்டுவைத்தேன். மனைவி குணலட்சுமி கதவைத் தட்டி, "ஆரோடை இவ்வளவு நேரமாக் கதைக்கிறியள்?" என்று கேட்டதும் பதிவில் இருக்கிறது. அதையும் எடுக்கவில்லை. எல்லைக்கல் வரைக்கும் நிரம்பியது.

ஐசாக் எல்லையைத் தாண்டினார். அவருடைய கீர்த்தனைகள் பொருளாளரின் காணிக்குள் பன்னிரண்டு எம்பி போய்விட்டன.

"கதியாலைத் தள்ளிப் போட்டிருக்கிறியள், ஐசாக்கர்" என்றார் பொருளாளர்.

"நான் போடேல்லை. கடைசிப் பாட்டுக்கு ஓர்கன் கொஞ்சம் இழுத்துப்போட்டுது."

"ஓர்கனை வெட்டுங்கோ."

"வெட்டினால் ஆமென் போயிடும். ஆமென் இல்லாமல் எப்பிடி முடிக்கிறது?"

இந்தக் கேள்வியோடு இரண்டு கூட்டங்கள் போயின.

அதற்கடுத்த கூட்டத்துக்கு உதயகலா வந்தார்.

கொடிகாமத்துக்கு அப்பால் ஒரு பாடசாலையில் கணினி ஆசிரியை. முப்பது வயதிருக்கும். பார்வை இல்லை. பஸ்ஸில் வந்து, ஒழுங்கை முகப்பில் இறங்கி, தடியால் மதிலைத் தட்டிக்கொண்டு நாங்கள் கூடும் சனசமூக நிலையத்துக்கு வந்து சேர்ந்திருந்தார். தலைவர் எழுந்து கதிரையைக் காட்டினார். பிறகு, காட்டியது போதாது என்று உணர்ந்து, கதிரையின் பக்கம் கையை இன்னும் பலமாக ஆட்டினார். மயூரதன் போய்க் கூட்டிக்கொண்டு வந்து இருத்தினார்.

"எனக்கு ஒண்டே ஒண்டுதான் வேணும்" என்றார் உதயகலா. "உங்கடை டிஸ்க்கிலை வாசிக்கிற குரல் முதல் இருந்ததாம். எடுத்துப்போட்டியளாம். திருப்பிப் போடுங்கோ."

"ஏன் பிள்ளை, வீட்டிலை உமக்குக் கொம்பியூட்டர் இல்லையோ?" என்றார் தலைவர்.

"இருக்கு. அது கதைக்குது. பள்ளிக்கூடத்துக் கொம்பியூட்டருகளுக்குத்தான் ஊற்று போடப்போகினமாம். வேறை ஒண்டும் போடக்கூடாதாம். கல்விக் கந்தோரிலையிருந்து சுற்றுநிருபம் வந்திருக்கு."

தலைவர் பெருமையுடன் தலையாட்டினார். அந்தச் சுற்றுநிருபத்தைக் கேட்டு வாங்கியவர் அவர்தான். "கட்டற்ற மென்பொருளைக் கட்டுப்பாடில்லாமல் விட ஏலாது, பிள்ளை" என்றார்.

"சரி. வெளியீட்டு விழா எங்கடை பள்ளிக்கூடத்திலைதானே. அண்டைக்கு அதிகாரி வந்து, நான் உந்தக் கொம்பியூட்டரிலை வகுப்பு எடுக்கிறதைப் பாப்பாராம். எடுத்தால் என்ரை நியமனம் நிரந்தரம். இல்லாட்டி என்னைச் சங்கீத ரீச்சர் ஆக்கிப்போடுவினம்."

"சங்கீதமும் நல்லதுதானே" என்றார் ஐசாக்.

"சேர், கண் தெரியாத ஆக்கள் எல்லாம் பாடுவினம் எண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது? நான் பாடினால் எங்கடை வீட்டு நாய் எழும்பி வெளியிலை போகும்."

மயூரதன் மட்டும் சிரித்தார். உதயகலா கைத்தொலைபேசியை எடுத்துத் தடவினார். அது மளமளவென்று அவருக்கு வந்த செய்திகளை வாசித்தது. நாங்கள் காது கொடுத்தோம்.

"உது இந்தியத் தமிழ் எல்லோ?" என்றார் வாக்கியக்காரர்.

"ஓம் ஐயா. ஆனால் கேட்ட உடனை மறுமொழி சொல்லுது. இடையிலை நிண்டு றோல்ஸ் சாப்பிடாது."

தலைவர் தொண்டையைச் செருமி ஒன்றியத்தின் கொள்கையை விளக்கினார். எனக்கு அது மனப்பாடம், எழுதியது நான். "கட்டற்றது எண்டால் ஆரும் எதையும் சேர்க்கலாம். அதுதான் சுதந்திரம். ஒருக்கால் சேர்த்ததை எடுக்கிறதெண்டால் மட்டும் மூண்டிலை ரண்டு பங்கு வாக்கு வேணும். அதுதான் ஒழுக்கம்."

"என்ரை குரலை எடுக்கேக்கை வாக்கெடுத்தனியளோ?"

"அது எடுக்கேல்லை, பிள்ளை. அது பொதுவுக்குச் சேர்ந்தது."

உதயகலா எங்கள் பக்கம் முகத்தைத் திருப்பினார். "சரி, ஆரேன் ஒராள் தன்ரை இடத்தைத் தாங்கோவன். முக்கால் பரப்புத்தானே."

நான் மனதுக்குள் கணக்குப் பார்த்தேன். என்னுடைய அரையை முழுதாகக் கொடுத்தாலும் காற்பரப்புக் குறையும். மனம் ஆறியது. குறைந்த தானம் ஒருவருக்கும் உதவாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"ரண்டு பேராச் சேந்தும் தரலாம்" என்றார் உதயகலா, என் மனம் ஆறிய சத்தம் கேட்டவர் போல.

ஐசாக் மின்விசிறியைப் பார்த்தார். பொருளாளர் மேசைக்குக் கீழே எதையோ தேடினார்.

அப்போது மயூரதன் எழுந்து நின்றார். "ஐயா, ஒருத்தரும் ஒண்டும் தரவேண்டாம். ஒழுங்கைக்கு விட்ட நூறு எம்பி வெறுமையாத்தானே கிடக்கு. குரல் அதுக்குள்ளை வடிவாக் கொள்ளும்."

ஒரு கணம் எனக்கு அது சரியாகவே பட்டது.

"ஒழுங்கையிலை கட்டினால்" என்றார் தலைவர், ஒவ்வொரு சொல்லாக, "மற்ற ஆக்கள் எப்பிடிப் போறது, வாறது?"

மயூரதன் உட்கார்ந்தார். எனக்கும் திரும்ப விளங்கியது. ஒழுங்கை ஒழுங்கைதான்.

ஒழுங்கையை எடுத்துவிட்டுக் குரலை வைப்பதா என்று வாக்கெடுத்தோம். ஐசாக் கையை உயர்த்தினார். கீர்த்தனைகளைத் தொடாதவரை அவர் இரக்கமுள்ளவர். நாலு கை வேண்டும். தலைவரும் பொருளாளரும் உயர்த்த மாட்டார்கள், பஞ்சாங்கக்காரர் இருவரும் சேர்ந்து உயர்த்த மாட்டார்கள் என்பதை முதலில் எண்ணிப் பார்த்துவிட்டு நானும் கையை உயர்த்தினேன். பஞ்சாங்கக்காரர் இருவரும் ஒரே குரலில் மறுத்தார்கள். எட்டு வருடத்துக்குப் பிறகு அவர்கள் ஒரே பக்கம் நின்றது அன்றுதான். ஒருவரையொருவர் பார்த்து, "நீங்கள் சொல்லுங்கோ", "இல்லை, நீங்கள் சொல்லுங்கோ" என்றார்கள். தலைவரின் கண் கலங்கியது. ஒன்றியத்தின் முதல் வெற்றி இது என்றார்.

உதயகலா எழும்பவில்லை. தடியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். எனக்கு ஏதாவது செய்ய வேண்டும் போல இருந்தது. என்னால் செய்யக்கூடியதைச் செய்தேன். ஒரு தீர்மானம் எழுதினேன்.

"மேற்படி ஒழுங்கையால் ஆசிரியை உதயகலா அவர்கள் எக்காலத்தும் தடையின்றிப் போய்வரும் உரிமை உடையவர் எனவும், ஆயின் அவ்வொழுங்கையில் யாதொரு கட்டடமோ கொட்டிலோ குரலோ அமைக்கும் உரிமை உடையவர் அல்லர் எனவும் இச்சபை ஏகமனதாகத் தீர்மானிக்கிறது."

எழுந்து வாசித்தேன். கைதட்டினார்கள். தலைவர் என்னை ஒன்றியத்தின் மனச்சாட்சி என்றார்.

"நல்லா எழுதியிருக்கிறியள், மாஸ்டர்" என்றார் உதயகலா. "எனக்கு என்ன கிடைச்சதெண்டுதான் விளங்கேல்லை."

பஸ் தரிப்பிடம் வரைக்கும் அவருடன் நடந்தேன். வழி முழுக்க அவர் சொன்ன இரண்டில் முதல் வசனத்தை மட்டும் நினைத்துக்கொண்டேன்.

மயூரதன் சும்மா இருக்கவில்லை. இறுதி வட்டைச் செய்யும்போது குரலை ஒழுங்கைக்குள் வைத்துவிட்டார். தலைவர் கண்டுபிடித்தார். வட்டைத் தன்னுடைய மகளின் கணினியில் போட்டு அளந்து, "ஒழுங்கை ஒடுங்கிப்போய்க் கிடக்கு" என்று தொலைபேசியில் சத்தம் போட்டார். மயூரதன் திரும்ப வெறுமையாக்கினார். தலைவர் மறுபடி அளந்தார். நூறு எம்பி. வெட்டை வெளி. திருப்திப்பட்டார்.

வெளியீட்டு விழா உதயகலாவின் பாடசாலையில் நடந்தது. வட்டை வெள்ளித் தட்டில் வைத்து, மாலை போட்டு, நாதஸ்வரத்துடன் வாசலிலிருந்து கொண்டுவந்தோம். மாலை பெரிது. வட்டு தெரியவில்லை. ஆசியுரைகள் நடந்தன. ஸ்காபரோவிலிருந்து அடைக்கலநாதன் கைத்தொலைபேசியில் பேசினார்; மூன்றாவது வசனத்தில் தொடர்பு அறுந்தது. இணைய வசதி இல்லாத பாடசாலை என்பதால்தான் வட்டு கொடுக்கிறோம் என்பது அப்போதுதான் எங்களுக்கு ஞாபகம் வந்தது.

பிறகு எல்லோரும் கணினி அறைக்குப் போனோம். கல்வி அதிகாரி கிறிஸ்ரோபர் பேனையைத் திறந்துகொண்டு பின்வரிசையில் இருந்தார். நல்ல மனிதர். "ரீச்சர், அவசரப்படாமல் செய்யுங்கோ" என்றார். மாணவர்கள் வரிசையாக வாங்குகளில் அமர்ந்திருந்தார்கள். உதயகலா முன்கணினிக்கு முன்னால் இருந்து, விரலால் தட்டச்சுப் பலகையின் விளிம்பைத் தடவி, வட்டைத் தானே உள்ளே தள்ளினார்.

ஊற்று ஐந்தாம் பதிப்பு திறந்தது. முதலில் தலைவரின் வாழ்த்துரை வந்தது. அதை நிறுத்த வழி இல்லை, அப்படித்தான் கேட்டிருந்தோம். திரையில் தலைவர் பேசினார். திரைக்குப் பக்கத்தில் தலைவர் கைகட்டி நின்று அதைக் கேட்டார். இருவரும் ஒரே சட்டை போட்டிருந்தார்கள். தொழில்நுட்பம் கடைக்கோடி மனிதனுக்கும் போய்ச் சேர வேண்டும் என்று திரையில் இருந்தவர் சொன்னபோது, பக்கத்தில் நின்றவர் ஆமோதித்துத் தலையாட்டினார். வாங்குகளில் இரண்டு பேர் நித்திரையாகிவிட்டார்கள்.

வாழ்த்துரை முடிந்தது. அறையில் சத்தம் இல்லை. உதயகலா காத்திருந்தார். ஒரு விசையை அழுத்தினார். இன்னொன்றை அழுத்தினார்.

திரையின் நடுவில் ஒரு சிறிய பெட்டி வந்தது. கீழே ஓம், இல்லை என்று இரண்டு பொத்தான்கள். நான் பக்கத்தில் நின்றேன். பெட்டியில் இருந்த வசனம் என்னுடையது. ஆங்கிலத்தில் மூன்று வரி இருந்ததை நான் மூன்று சொல்லாகச் சுருக்கியிருந்தேன். குரல் இல்லை. தொடரலாமா? அதற்கு ஒரு கிழமை பிடித்தது. ஒரு சொல் கூடவும் இல்லை, ஒரு சொல் குறையவும் இல்லை.

கிறிஸ்ரோபர் பேனையைத் தாளில் வைத்தார். மயூரதன் வாசலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். உதயகலா விரலைப் பலகையிலிருந்து எடுக்காமல், தலையை மட்டும் என் பக்கம் திருப்பினார்.

"திரையிலை என்ன எழுதிக் கிடக்கு, மாஸ்டர்?"